முதுகிலா, கேரியரிலா?

மூட்டை முடிச்சு என்றால் நம்மவர்களுக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பத்தை எந்த ரயில் நிலையத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். நான்கு பேருக்குப் பதினோரு உருப்படி இருக்கும். 1988-ல் நான் பம்பாயில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டின் ஆகியவை இருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு சயான் வரை வந்து சேர்ந்ததற்குள் தோள் இறங்கிவிட்டது. 'சாமான் குறைவாக இருந்தால் என்ன குறைந்துபோகும்?' என்று அன்று நினைத்தவன்தான். ஆனால் நினைத்ததைச் செய்வதற்கு எனக்கு முப்பத்துநான்கு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு சைக்கிள் வந்து சொல்லிக்கொடுத்த பிறகு!

ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்க, டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்குப் பதில் சைக்கிள் வாங்கினேன். காலையில் மாட்டுங்கா வரை போய் வந்தது, பிறகு வாஷி, பிறகு பன்வேல் என்று நீண்டது. ஓர் இரவு வெளியில் தங்கி வரலாமே என்ற ஆசை வந்தபோதுதான், துணிமணியை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக எடுத்துக்கொண்டேன். அதற்கான விலையையும் கொடுத்தேன்.

விழுந்த கதை

2019 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை. மகள் கல்லூரிக்குக் கொண்டுபோன முதுகுப்பையில் இரண்டு நாளைக்கு வேண்டியதைத் திணித்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டுக் கிலோ இருக்கும். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது கனமே தெரியவில்லை. வாஷி பாலம் தாண்டியதும் தோள் வலித்தது. பேலாப்பூரில் கழுத்து பிடித்துக்கொண்டது. உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

காரணம் எளிதுதான். நடக்கும்போது முதுகுச் சுமையைக் கால்கள் தாங்குகின்றன. சைக்கிளில் அது முதுகெலும்பு வழியாக இறங்கி இருக்கையிலும் உள்ளங்கைகளிலும் போய் அழுத்துகிறது. பாரம் உயரத்தில் இருப்பதால் வண்டி சற்றுச் சாய்ந்தாலும் அது நம்மை அந்தப் பக்கம் இழுக்கிறது. பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்ப்பதுகூடச் சிரமம். முதுகில் காற்றுப் படாமல் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்கிறது.

பன்வேலில் டீ குடித்துவிட்டு, பையைக் கழற்றிக் கேரியரில் வைத்து நைலான் கயிற்றால் கட்டினேன். 'ஆஹா, இதை முன்பே செய்திருக்கலாமே' என்று உல்லாசமாக மிதித்தேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன். பையின் இடுப்புப் பட்டை ஒன்று நழுவித் தொங்கி, பின் சக்கரத்துக் கம்பிகளுக்குள் புகுந்தது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நான் மட்டும் நிற்கவில்லை!

இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைவிட எனக்கு மறக்காமல் நிற்பது, பின்னால் வந்த டெம்போ பிரேக் போட்டு என் தலைக்கு நான்கைந்து அடி தள்ளி நின்ற சத்தம். அந்த ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

என் மனைவி அதிகம் பேசவில்லை. "இன்னொரு தடவை மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்புனீங்கன்னா, நீங்க வர்றதுக்குள்ள சைக்கிளைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுருவேன்" என்றாள். நியாயம்தான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இட்லி அண்ணாச்சியின் பாடம்

மூன்று வருஷம் கழித்து மகள் கேட்டாள்: "அப்பா, நான் மேல்படிப்புக்கு ஜெர்மனி போறதுக்கு முன்னால ஒரு தடவை சேர்ந்து கொங்கண் கரையோரம் சைக்கிள்ல போய்ட்டு வருவோமா?" ஏப்ரலில் அவளுக்குப் பயணம். மறுபடி எப்போது இப்படி ஒரு வாரம் கிடைக்கும்? மறுக்க மனம் வரவில்லை. ஆனால் வீட்டு உள்துறை அமைச்சரிடம் அனுமதி வாங்கவேண்டுமே! "மூட்டை விழாது, நீங்களும் விழமாட்டீங்கன்னு எனக்குப் புரியுற மாதிரி காட்டுங்க, அப்புறம் போங்க" என்று நிபந்தனை போட்டாள்.

அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வரும் இட்லி அண்ணாச்சியை உற்றுக் கவனித்தேன். தாராவியிலிருந்து காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் தமிழ் இட்லிக்காரர்களை மும்பைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். கேரியரில் இட்லி அண்டா, பக்கத்தில் சாம்பார் வாளி, சட்னித் தூக்கு. ஆறு மணிக்கு எங்கள் சந்தில் நெளிந்து வளைந்து வருவார். ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தாது.

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

சிரித்தார். "இதுல என்ன தம்பி வித்தை இருக்கு? கனத்தைக் கீழ வைக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும். கட்டுனா ஆடக்கூடாது. கயிறு போட்டா குலுங்கக் குலுங்க நெகிழ்ந்துரும். பழைய டியூபை நீளவாக்குல கிழிச்சு, இழுத்துக் கட்டுங்க. அது சுருங்கிப் பிடிச்சுக்கிடும். மிச்சமிருக்க வாலைத் தொங்கவிடாம உள்ள செருகிருங்க."

கடைசி வாக்கியம் என் மணிக்கட்டில் சுருக்கென்று தைத்தது. அந்த ஒரு வாலைச் செருகாததால்தானே ஆறு வாரம் மாவுக்கட்டு!

யோசித்துப் பார்த்தால் இந்த நகரமே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பால்காரர் கேன்களைச் சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுகிறார். டப்பாவாலாக்கள் சைக்கிளில் போகும்போது சாப்பாட்டு டப்பாக்களை ஹாண்டில்பாரிலும் கேரியரிலும் மாட்டுகிறார்கள். யாரும் முதுகில் சுமப்பதில்லை. நம் பழைய கறுப்புச் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 கம்பியும் பின் சக்கரத்துக்கு 40 கம்பியும் இருக்கும், எண்ணிப் பாருங்கள். பாரம் பின்னால்தான் ஏறும் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இருக்கிற வழிகள்

சுற்றுலா போகும் சைக்கிள்காரர்கள் சாமான் கொண்டுபோக இன்று சில வழிகள் உள்ளன. நானும் மகளும் ஒவ்வொன்றாக அலசினோம்.

முதலாவது, கேரியரும் பக்கப் பைகளும். பின் கேரியரின் இரு புறமும் கொக்கியால் மாட்டும் பைகள் இவை. பாரம் தாழ்வாக இருக்கும். ராத்தங்கும் இடத்தில் ஒரே இழுப்பில் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் கேரியரைப் பொருத்த வண்டிச் சட்டத்தில் திருகு துளைகள் வேண்டும். இருக்கைத் தண்டில் மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியர்களும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் 10 கிலோ அளவுதான் தாங்கும், பக்கவாட்டில் திரும்பிவிடவும் கூடும். அலுமினியக் கேரியர் இலேசானது. இரும்புக் கேரியர் கனம். ஆனால் முறிந்தால் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் பற்றவைத்துவிடலாம்.

இரண்டாவது, கேரியரே இல்லாத புதிய முறை. இருக்கைக்குப் பின்னால் வால்போல நீளும் ஒரு பை, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை, ஹாண்டில்பாரில் ஒரு சுருள். வண்டி ஒல்லியாக இருக்கும், காற்று தடுக்காது, கரடுமுரடான பாதைக்கு நல்லது. ஆனால் கொள்ளளவு குறைவு. ஒரு சட்டை வேண்டுமென்றாலும் எல்லாவற்றையும் உருவவேண்டும்.

மூன்றாவது, பின்னால் இழுத்துச் செல்லும் சிறு இழுவண்டி. கூடாரம், அடுப்பு என்று குடித்தனமே கொண்டுபோகிறவர்களுக்குச் சரி. எங்கள் வழியில் ஐந்து இடங்களில் படகில் ஏறி இறங்கவேண்டும், திரும்புவது ரயிலில். இழுவண்டியை உடனே தள்ளிவிட்டோம்.

முன் சக்கரத்துக்கும் பக்கப் பைகள் உண்டு. பல வாரப் பயணத்தில் பாரத்தை முன்னும் பின்னுமாகப் பிரிக்க அவை உதவும். ஆறு நாளுக்கு அவை எதற்கு?

மகள் இரண்டாவது வழி என்றாள். நான் முதல் வழி என்றேன். "அப்பா, உங்க வண்டி கழுதை மாதிரி இருக்கும்" என்றாள். "கழுதை விழாது அம்மா" என்றேன். அவரவர் வழி அவரவருக்கு என்று முடிவாயிற்று.

பதினேழு ஒன்பதான கதை

பை வாங்கியதும் நான் செய்த முதல் தவறு, அதை நிரப்பியது. பெரிய பை வாங்கினால் பெரிதாகத்தான் நிரம்பும். என் பங்குக்கு நான்கு சட்டை, போர்வை, இரண்டு டார்ச், ஒரு தடித்த நாவல். என் மனைவியின் பங்குக்குத் தட்டை, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், காற்றுத் தலையணை. பழைய பேப்பர்காரரிடம் இருப்பதுபோல ஒரு தொங்கு தராசு வாங்கி மாட்டிப் பார்த்தேன். இரண்டு பைகளும் சேர்ந்து 17 கிலோ!

என் எடை 72, சைக்கிள் 14. ஆக 86 கிலோ. ஏற்றத்தில் மிதிக்கும்போது நம் உழைப்பு மொத்த எடைக்கு ஏற்பத்தான் கூடும். 17 கிலோ ஏற்றினால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு அதிகம். 9 கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு. கொங்கண் கரை சமதரை இல்லை. ஒவ்வொரு கழிமுகத்துக்கும் கடல்மட்டம் வரை இறங்கி, மறுகரையில் செம்பாறை மேட்டில் மூச்சு வாங்க ஏறவேண்டும்.

ஒரு ஞாயிறு முழுக்க எடுப்பதும் வைப்பதுமாகக் கழிந்தது. 'வேண்டும்', 'இருந்தால் நல்லது', 'பயத்துக்கு' என்று தரையில் மூன்று குவியல். கடைசிக் குவியல்தான் பெரிதாக இருந்தது. இரண்டு செட் துணி, லுங்கி, துண்டு, மாத்திரைகள், மழைத் தாள், விளக்கு, சார்ஜர், பூட்டு, காற்றுப் பம்பு, இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், சாவிகள் ஆகியவை நின்றன. தட்டையும் நின்றது, சில விஷயங்களில் தராசு பேசக்கூடாது.

ஒன்பது கிலோ, பக்கத்துக்கு நாலரை. கனமான பூட்டும் கருவிகளும் பையின் அடியில், சக்கர அச்சை ஒட்டி. துணி மேலே. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். பர்ஸ், செல்போன், மாத்திரை மட்டும் ஹாண்டில்பாரில் ஒரு சிறு பையில். குதிகால் பையில் இடித்ததால் பைகளை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். எல்லா வால்களையும் செருகி, டியூப் பட்டை போட்டு இறுக்கி, மனைவியைக் கூப்பிட்டேன். வண்டியைப் பிடித்து நன்றாக உலுக்கினாள். எதுவும் ஆடவில்லை.

"சரி, போய்ட்டு வாங்க" என்றாள்.

கரையோரம்

2023 ஜனவரி. பாவுச்சா தக்காவிலிருந்து வாகனங்கள் ஏற்றும் பெரிய படகில் மாண்ட்வா போய் இறங்கினோம். மும்பைக்காரர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கட்டும்: 1923-ல் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய பார்ஸி இளைஞர்கள் புறப்பட்டதும் இதே நகரத்திலிருந்துதான். 1928-ல் மூவர் அந்தப் பயணத்தை முடித்துத் திரும்பினார்கள். எங்களுடையது ஆறு நாள், சுமார் 300 கி.மீ., அவ்வளவுதான்.

அலிபாக், ரேவ்தண்டா, காஷித் வழியாக முதல் இரவு முருட். மறுநாள் அகர்தண்டாவில் படகேறித் திகியில் இறங்கி, திவேயாகர், ஸ்ரீவர்தன் வழியே ஹரிஹரேஷ்வர். தென்னையும் பாக்குமாக, வழி முழுக்க நம் ஊர்ப் பக்கம் போலவே இருந்தது. ஏற்றங்களில் மகள் முன்னால் பறந்துவிடுவாள். நான் கழுதையை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவேன்.

திவேயாகர் தாண்டியதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. அவள் உயரம் குறைவு; அதனால் வண்டியும் சிறியது. இருக்கைக்கும் பின் டயருக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. குழிகளில் குதிக்கும்போது வால் பை தொய்ந்து டயரில் உரசி, துணி தேய்ந்து வெளுத்திருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் கிழிந்திருக்கும்.

கனமான பூட்டையும் செருப்பையும் அவள் பையிலிருந்து எடுத்து என் பக்கப் பைகளில் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டேன். வால் பை சுருங்கி நிமிர்ந்தது. "கழுதைக்கு நன்றி" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒருநாள்தான் நிலைத்தது.

ஒரு போல்ட்

மூன்றாம் நாள் பாக்மண்ட்லாவில் படகேறி வேஸ்வியில் இறங்கி, வேளாஸ் வழியாகக் கேள்ஷி நோக்கிப் போனோம். சாலை அங்கங்கே பெயர்ந்து, செம்மண்ணும் ஜல்லியுமாக இருந்தது. ஓர் இறக்கத்தில் வேகம் பிடிக்கத் தொடங்கினேன். பின்னால் மகள் கத்தினாள்:

"அப்பா, நிறுத்துங்க! கேரியர் ஆடுது!"

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கேரியரின் வலது காலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் காணோம். இரண்டு நாள் அதிர்வில் கழன்று எங்கோ விழுந்திருக்கிறது. கால் வெளியே நழுவி, பை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த இறக்கத்தை முழுதும் இறங்கியிருந்தால் அது கம்பிக்குள் போயிருக்கும். எனக்கு அந்த டெம்போவின் பிரேக் சத்தம் கேட்டது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பையையும் பட்டையையும் தராசையும் பார்த்தவன், போல்ட்டைப் பார்க்கவில்லை. தினமும் காலையில் சாவி போட்டு இறுக்கிப் பார்த்திருக்கவேண்டும். ஒரு நிமிஷ வேலை.

சுற்றிலும் முந்திரி மரங்கள். கடை எதுவும் இல்லை. மகள் தன் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, தண்ணி பாட்டில் ஸ்டாண்டுக்கும் இதே 5 மில்லிமீட்டர் போல்ட்தானே?" என்றாள். அதேதான்! ஸ்டாண்டைப் பிடித்திருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி என் கேரியரில் முறுக்கினாள். நீளம் சற்றுக் குறைவு, ஆனால் பிடித்துக்கொண்டது. அவளுடைய பாட்டில் ஸ்டாண்டை டியூப் பட்டையால் கட்டினோம்.

பிறகு என்னைக் கேட்காமலே என் கருவிப் பையை உருவித் தன் ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டாள். ஒன்றரை கிலோ. "வேண்டாம் அம்மா, அது என் பாரம்" என்றேன். "நேத்து என் பூட்டை நீங்க எடுக்கலையா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்தவள் அவள்.

அன்றிரவு ஹர்ணை. மறுநாள் மேடேறித் தாப்போலி கடைவீதியில் சரியான நீளத்தில் நான்கு போல்ட் வாங்கினோம், இரண்டு உபரிக்கு. அங்கிருந்து தாபோல் படகு, குஹாகர். அடுத்த நாள் தவ்சாலிலிருந்து ஜய்கட் படகு, கண்பதிபுளே. ஆறாம் நாள் ஆரே வாரே கடலோரச் சாலையில் ரத்னகிரி. அங்கே ரயில் பார்சல் ஆபீஸில் சைக்கிள்களைப் பதிவுசெய்து பிரேக் வேனில் ஏற்றினோம். பக்கப் பைகளை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு பெட்டியில் ஏறியபோது எனக்கு 1988 நினைவு வந்தது. இந்தத் தடவை தோள் இறங்கவில்லை.

திரும்பி வந்ததும்

வீட்டில் மனைவி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. முதலில் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பையைப் பிரித்து, பயன்படாமலே திரும்பியவற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு சட்டை, மழைத் தாள், ஓர் உபரி டியூப். தட்டை டப்பா காலி. "அப்ப நான் வச்சதுதான் உபயோகப்பட்டிருக்கு" என்றாள். போல்ட் விஷயத்தை அன்றிரவே அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்தால் அடுத்த பயணம் கிடையாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ பின்னால வந்தாளே, அதுவரைக்கும் சரி" என்றாள்.

ஏப்ரலில் மகள் புறப்பட்டபோது அதே தொங்கு தராசுதான் வெளியே வந்தது. விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ. வடாம், பொடி, ஊறுகாய், குக்கர் என்று தாய் அடுக்க, மகள் தரையில் மூன்று குவியல் பிரித்தாள். என் பங்குக்கு ஒன்றும் வைக்கவில்லை. கடைசியில் அவளே ஒரு பழைய டியூப் பட்டையைச் சுருட்டிப் பெட்டி ஓரத்தில் செருகிக்கொண்டாள். அங்கே அவள் இப்போது ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறாள். பின்னால் கேரியர் உள்ளது என்று போனில் சொன்னாள்.

சைக்கிள் பயணம் போக நினைக்கும் அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சாமானைக் குறையுங்கள். பையைப் பிறகு வாங்குங்கள். சுமையை உங்கள் முதுகுக்குக் கொடுக்காமல் வண்டிக்குக் கொடுங்கள். கனத்தைத் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக வையுங்கள். வால் எதுவும் தொங்கக்கூடாது. பின் டயரில் காற்றுச் சற்று அதிகம் இருக்கட்டும். ஏற்றிய வண்டியைத் தெருவில் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தினமும் காலையில் எல்லாப் போல்ட்டையும் ஒரு முறுக்கு முறுக்குங்கள். முடிந்தால் உங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டு பின்னால் வர ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் பக்கப் பைகள் இப்போது பரணில் சும்மாதான் இருக்கின்றன. வேண்டும் அன்பர்கள் வந்து எடுத்துப்போகலாம். தொங்கு தராசும் தருகிறேன். தட்டை மட்டும் அவரவர் வீட்டில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.